சாமி பாட்டுக்கு நான் போட்ட வழக்கு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். நெற்றி நிறைய விபூதி பூசுகிறவன் நெஞ்சில் இத்தனை வன்மம் வைத்திருக்கலாமா என்று கேட்பார்களே என்ற கூச்சம். வன்மம் போகட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். போகவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் தீவில் சேன் பியேர் ஊருக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு. ஒரு தைப்பூச விரதத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது முருகன் பேரில் ஒரு காவடிப் பாட்டு வாயில் வந்து அமைந்தது. எங்கள் கோயிலில் புதுப் பாட்டை உடனே பாட மாட்டோம். வெற்றிலை பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, கற்பூரம் ஏற்றி, "இது உனக்கு, சாமி" என்று ஊரார் முன்னால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பூசாரி விபூதி தந்த பிறகுதான் பாடலாம். அப்படியே செய்தேன். பாட்டின் கடைசி அடியில், வழக்கப்படி, கட்டியவன் பெயராக என் பெயர் இருந்தது.

அப்போது கோயில் தலைவராக இருந்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் சர்தார் வேலை பார்த்து, நிலம் வாங்கிப் பெரிய மனிதரானவர். பாடுகிறவர்களுக்குப் பழக்க வேண்டும் என்று பாட்டைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் கோயில் வாசலில் ஒரு அச்சுப் புத்தகம் விற்றது. உள்ளே என் பாட்டு. கடைசி அடியில் அவர் பெயர்.

இனி 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

நேரே போய்க் கேட்டேன். "கரும்பு வெட்டுற கைக்குப் பாட்டு எங்கேர்ந்துடா வரும்? போ, போய்க் களையைப் பிடுங்கு" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். திருட்டைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

"அவன் எரியட்டும்னு காளியம்மாவுக்கு மிளகாய் அரைச்சுப் பூசுங்க" என்றாள் என் மனைவி.

"அதையும் செய்யலாம். முதல்ல வக்கீலைப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

தலைநகர் போர்ட் லூயியில் ஒரு வக்கீல் இருந்தார். நாடகம் எழுதுகிறவர்கள், வாத்தியக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று இப்படிப்பட்டவர்களின் வழக்குகளைத் தேடி எடுத்து நடத்துகிறவர். தமிழ்க் கிறிஸ்தவர். கிரியோல் மொழிக்கு நடுவே தமிழும் பேசுவார். மிஸ்யே, அதாவது ஐயா, என்றுதான் அவரை அழைப்போம். என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"நிலத்தைத் திருடினா ஊரே சண்டைக்கு வரும், அண்ணே. பாட்டைத் திருடினா ஊரே தாளம் போடும். ஆனா ஒண்ணு. சாமிக்குக் கொடுத்த விஷயத்தைக் கோர்ட்டில எடுக்காதீங்க. கொடுத்ததை மறுபடி என்னுதுன்னு கேட்க முடியாது."

"மிஸ்யே, அவங்க கேட்டா நான் எப்படிப் பொய் சொல்றது?"

"கேட்காம இருக்கணும்னு உங்க சாமிகிட்டயே வேண்டிக்குங்க."

கேட்டார்கள். நான் தோற்பதைப் பார்க்க ஊரே ரயிலேறி வந்து கோர்ட்டில் உட்கார்ந்திருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதைத் துபாஷி தமிழில் சொன்னார்: "பாட்டைச் சாமிக்குக் கொடுத்தீங்களா, இல்லையா?" கற்பூரத்துக்கு முன்னால் சொன்ன சொல்லை எப்படி மறுப்பேன்? "கொடுத்துட்டேன். அது முருகனுடையது" என்றேன். என் வக்கீல் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

பிறகு அவன் கூண்டில் ஏறினான். என் வக்கீல் மெல்ல எழுந்தார்.

"பாட்டு இவருடையது இல்ல, சாமியுடையது. ஒத்துக்கறீங்களா?"

"ஆமா, ஆமா! சாமியுடையதேதான்!" குஷியாகச் சொன்னான்.

"அப்போ சாமி சொத்தில உங்க பேரை ஏன் எழுதினீங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வழக்கு தள்ளுபடியானது. கொடுத்துவிட்ட பாட்டில் எனக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பு. ஆனால் ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. என்னிடம் திருடியது ஊருக்கு வேடிக்கை. சாமியிடமே திருடியவனைக் கண்டு ஊர் பயந்தது.

அடுத்த தைப்பூசத்தில் தலைவன் என்ற முறையில் காவடிக்கு முன்னால் நின்று அந்தப் பாட்டின் முதல் அடியை அவனே எடுத்தான். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் திருப்பிப் பாடுவது எங்கள் வழக்கம். யாரும் திருப்பவில்லை. மறுபடி பாடினான். மேளமும் நின்றது. நான் அவனுக்கு நேர் பின்னால் காவடியோடு நின்றிருந்தேன். திரும்பி, "நீயாவது பாடப்பா" என்றான், கண் கலங்கி. என் நாக்கில் அலகு குத்தியிருந்தது. அலகு இல்லாவிட்டாலும் பாடியிருக்க மாட்டேன். அன்று எனக்கு வலிக்கவே இல்லை. இனித்தது.

அவன் நிலத்தை விற்றுவிட்டு வக்குவா பக்கம் போய், அங்கேயே செத்தான். கோயிலுக்குப் புது மண்டபம் கட்டியபோது அவன் மகன் வந்தான். "பழசை மறந்திடுங்க மாமா. பழைய தலைவர்னு அப்பா பேரை மண்டபக் கல்லுல ஒரு ஓரமா வெட்டச் சொல்லுங்க" என்றான். கமிட்டியில் நான் இருந்தேன். முடியாது என்றேன். முருகனிடம் தினமும் பல பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதற்கு மட்டும் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பாட்டை எல்லாரும் கடைசி அடிக்கு முந்தின அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். என் பெயரும் இல்லை. இருக்கட்டும், அவன் பெயரும் இல்லையே.

இதைப் படிக்கிறவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். அவன் இன்னார் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இரக்கப்பட்டோ கோபப்பட்டோ அந்தப் பெயரை இதில் நுழைத்துவிடாதீர்கள். நான் எழுதியது எழுதியபடியே போகட்டும்.