சளிக்கு ஒரு மனோவசியம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மடியில் துணிப்பை. பேசத் தொடங்கும் முன்பெல்லாம் கைக்குட்டையை நான்காக மடித்து முழங்காலில் வைத்துக்கொள்வார். எனக்குச் சளி பிடித்து மூக்கு முழுக்க அடைத்திருந்தது.

"மனோவசியம் பண்ணட்டுங்களா?" என்றார்.

வசியம் என்றதும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"எல்லாரும் இப்டிதான் பயப்படுறாங்க. ஹிப்னாடிசம்ங்க. சளி போவாது, பேஜாரு குறையும். கண்ண மூடுங்க. பொம்மையார்பாளையம் கரையில நிக்கிறீங்க. கடல் காத்து மூக்குல போய்க்கினு வந்துக்கினு இருக்கு..."

அந்தக் குரல் நெற்றியை வருடிக்கொடுப்பது போல இருந்தது. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மூச்சு கொஞ்சம் லேசானது. கண்ணைத் திறந்தால், அவர் கைக்குட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு நீங்களே பண்ணிக்கக் கூடாதா?" என்றேன்.

"நம்ம கொரல நம்ம மூக்கு கேக்க மாட்டேங்குதுங்க. வூட்டுக்காரி இருந்தவரைக்கும் அவ சொல்லுவா."

விக்கிரவாண்டி தாண்டியது. பிறகு கூச்சத்தோடு, "கண்ண மூடுங்க," என்றேன். அவர் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு மூடிக்கொண்டார்.

விழுப்புரம் வந்தபோது அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.