ஏசுவதற்கு ஆள் இல்லை

என் அண்ணன் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தான். குடி கிடையாது, பீடி கிடையாது. ஒரு நாள் காலையில் பிச்சிப்பூ மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தவன், அந்த மூட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் அம்மாவும் நானும் கூடவே போனோம். பனவடலிசத்திரம் தாண்டுவதற்குள் அம்மா தனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுவிட்டாள். அப்புறம் திரும்பவும் எங்கள் ஊர் அம்பாளிடமே வந்தாள். "கோமதி, மாவிளக்கு எடுக்கேன். மொட்டை போடுதேன். எம்பிள்ளைய விட்டுரு தாயி."

அவளுக்கு அந்த வண்டியில் செய்ய ஒரு வேலை இருந்தது. எனக்கு எதுவும் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். அண்ணனின் ஒரு கண்மணி மட்டும் விரிந்துகிடந்ததைப் பார்த்துவிட்டேன். மூளைக்குள் ரத்தம் அழுத்துகிறது, பிழைப்பது அரிது என்று அதற்கு அர்த்தம். அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நீயும் ஒரு வார்த்தை கேளுட்டி" என்றாள் அம்மா.

நான் அண்ணனின் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும்போதே எனக்குச் சாமி நம்பிக்கை போய்விட்டது. யாரும் வந்து மாற்றவில்லை. ஒரு நாள் கும்பிட்டுக்கொண்டு நின்றபோது, எதிரே கேட்பதற்கு யாரும் இல்லை என்று தோன்றியது. தோன்றியது தோன்றியதுதான். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அந்த ஆம்புலன்ஸில் வந்ததுபோல அதற்காக எனக்கு ஆத்திரம் வந்ததில்லை. பக்கத்தில் இருக்கும் ஒருத்தி பேரம் பேசிக்கொண்டு வருகிறாள். நான் மட்டும் கையைக் கட்டிப் போட்டது மாதிரி பார்த்துக்கொண்டு வருகிறேன்.

மறுநாள் மத்தியானம் அண்ணன் செத்துப்போனான்.

வீட்டில் உடல் கிடந்தபோது சித்தப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "வீட்டுல ஒருத்தி சாமி இல்லன்னு திரிஞ்சா, அது யார் தலையிலயாவது விடியத்தான செய்யும்?"

"நான் கும்பிடலன்னு எங்கண்ணனைக் கொல்லும்னா அது சாமியா, ரவுடியா?" என்று கத்தினேன்.

மதினி அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா, "வாய மூடுட்டி" என்றாள். நான்தான் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. சொன்னவர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் போலவே நம்பிக்கை இல்லாத ஒரு சக ஆசிரியர் போன் பண்ணினார். "மரணம் இயற்கைதான டீச்சர், நமக்குத் தெரியாததா?" என்றார். போனை வைத்துவிட்டேன். சித்தப்பா மேல் வந்ததைவிட அதிகக் கோபம் அவர் மேல்தான் வந்தது. இயற்கை என்று எனக்குத் தெரியாதா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்பது ஏன் அவருக்குத் தெரியவில்லை?

அண்ணன் மகளுக்கு ஏழு வயது. அவளிடம் எல்லோரும், "அப்பா சாமிகிட்டப் போயிட்டாரு" என்று சொல்லியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் அவள் என்னிடம் வந்தாள். "அத்தை, நீங்க சயின்ஸ் டீச்சர்லா? அப்பா இப்ப எங்கன இருக்காரு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட வரவில்லை. "எனக்குத் தெரியல மக்கா" என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து அவள் அம்மாவிடம் போய்விட்டாள். அங்கே அவளுக்குப் பதில் இருந்தது. ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க என் கையில் ஒன்றுமில்லாமல் போனதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கருமாதி முடிந்ததும் அம்மா கோயிலுக்குக் கிளம்பினாள். ஒரு வருஷம் போகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்தார்கள். "எம்பிள்ளைய எடுக்கும்போது அவ நாள் பாத்தாளா?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்து நானும் போனேன்.

சன்னதிக்கு முன்னால் நின்றவள் கும்பிடவில்லை. விரலை நீட்டினாள்.

"ஏட்டி கோமதி! நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? அவன் கடைப் பூவ எத்தனை தடவ ஒங்கழுத்துல போட்டிருப்பான்! கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருவரும் அதட்டவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அர்ச்சகர் தீபத் தட்டோடு அவள் முடிக்கும்வரை காத்து நின்றார். அம்மா தொண்டை கட்டும்வரை ஏசினாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அர்ச்சகர் கொடுத்த விபூதியைப் பூசிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "சோறு போடுட்டி" என்று கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கினாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பற்றி எரிகிற பொறாமை. எனக்கும் அவன் அண்ணன்தானே? நான் யாரிடம் போய் விரலை நீட்டுவேன்? ரத்தக்குழாயிடமா?

சில நாள் கழித்து நானும் போனேன். பள்ளிக்கூடம் விட்டு நேரே. அம்மா நின்ற இடத்திலேயே நின்றேன். எதிரே பட்டு கட்டிய கல் இருந்தது. நெஞ்சு முட்ட வார்த்தை இருந்தும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரிக் கூச்சமாக இருந்தது. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சரும் வந்துட்டீங்களா! கஷ்டம் வந்தாத்தான சாமி தெரியும்" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

நான் வீடு சேருவதற்குள் செய்தி அம்மாவுக்கு வந்துவிட்டது. "கோயிலுக்குப் போனியாமே? என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல. ஏசப் போனேன். வரல. அங்கன யாருமே இல்லம்மா."

அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளில் தொங்கிய பையை வாங்கிக் கீழே வைத்தாள். "உள்ளயே வச்சிருந்தா நீயும் அவன மாதிரி வெடிச்சுத்தான் சாவ. யாருமில்லன்னா என்னைய ஏசு. நாந்தான அவனப் பெத்தேன்."

"சும்மா கெடம்மா."

"ஏசுட்டின்னா!"

ஏசினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "தலை வலிக்குன்னு அவன் சொன்னப்ப எதுக்குக் கோயில் புத்து மண்ணக் கொழைச்சு நெத்தியில பூசுன? எங்கிட்ட ஏன் சொல்லல? ஆஸ்பத்திரி இல்லாத காட்டுலயா இருக்கோம்?"

அம்மாவின் முகம் வெளுத்தது. பிறகு அவளும் கத்தினாள். "பூசுனேன்! எனக்குத் தெரிஞ்சத நான் செஞ்சேன்! ஒங்கூட ஒரே வீட்டுலதான இருந்தான்? தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தானே, ஒங்கண்ணுக்குத் தெரியலயா?"

இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மதினி வந்து நடுவில் நின்ற பிறகுதான் ஓய்ந்தோம். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. என்னால் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா குளித்துவிட்டுப் பூக்கூடையோடு நின்றாள். சண்டை அவளுக்கு முடிந்துவிட்டது. "வாரியா?" என்றாள்.

"வரல."

"அப்ப உலையப் போடு" என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாமல் இறங்கி நடந்தாள்.

அடுப்பைப் பற்றவைத்தேன். கோபம் அப்படியேதான் இருந்தது.