ராசியான மெஷின்

என் சகலையின் கையிலிருந்து ஸ்மார்ட்போனைப் பிடுங்கிவிட்டு, பொத்தான் வைத்த பழைய மாடல் போன் ஒன்றைக் கொடுப்பது என்று குடும்பம் கூடி முடிவெடுத்தது. பாவம், அவருக்கு வேறு ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா என்ற யோசனை மட்டும் என்னுடையது. எனக்கு நல்ல யோசனைகள் வருவதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு ஏனோ ஒருவரும் தடுக்கவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். பெங்களூரில் இந்த உறவை கோ-பிரதர் என்கிறார்கள். கேட்டால் ஏதோ கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானதுபோல இருக்கும். ஓரளவு உண்மைதான், ஒரே மாமியாரின் அதிருப்தியை இருவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறோம். அவர் கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் இறங்கினார். சுரங்கத்தை மூடியதும் பிள்ளை ரயிலில் ஏறினார். விடியற்காலையில் அங்கே ஏறி, இங்கே பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி, ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் திரும்புவார். எங்கள் வீடு ஜீவனஹள்ளியில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அதனால் அவ்வப்போது காபிக்கு வருவார்.

அந்த ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிரே நாலு பேர் உட்கார்ந்ததும் முழங்கால்கள்மேல் ஒரு செய்தித்தாள் விரியும். அதுதான் மேஜை. அதன்மேல் ரம்மி. பேப்பரை யாரும் படிப்பதில்லை. நாட்டு நடப்பெல்லாம் ஜோக்கர் கார்டுக்கு அடியில் கிடக்கும். சகலையும் அங்கேதான் ஆரம்பித்தார். தோற்றவர் மறுநாள் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். பிறகு ரம்மி போனுக்குள் வந்தது. ரம்மிக்குப் பின்னால் சக்கரம் சுற்றுகிற ஆட்டங்கள் வந்தன. ஓர் ஆப்பை மூடினால் இன்னொன்று வேறு பெயரில் முளைத்தது. கொழுந்தியாளின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

குடும்பம் கூடிய அன்று, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, கொழுந்தியாள் ஒரு சின்ன நீலப் பெட்டியை என்னிடம் கொடுத்துப் பரணில் வைக்கச் சொன்னாள்.

"இன்னொரு தடவ ஆடினாருன்னா நான் இங்க வந்துடுவேன் மாமா. அன்னிக்கி நின்னு துணி மடிச்சிக்கிட்டு இருக்க முடியாது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாள். ஏணி போட்டு ஏறினேன். கெட்டுப்போன மிக்ஸிக்கும் கழற்றிவைத்த ஃபேனுக்கும் நடுவில் பெட்டிக்கு இடம் ஒதுக்கும்போதுதான் அது கையில் அகப்பட்டது: என்னுடைய பழைய கையடக்க வீடியோ கேம். சாம்பல் நிறம், செங்கல் கனம், பென்சில் பேட்டரியில் ஓடுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. என்னோடு சேர்ந்தவர்கள் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நான் அதில்தான் முன்னேறிக்கொண்டிருந்தேன்.

இன்டர்நெட் கிடையாது. பணம் கட்ட வழியே கிடையாது. ஊர் ஊராகப் போய் வினோதமான பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிட வேண்டும். ரயிலில் போகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொழுந்தியாள் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல நெசமா பணம் போகாதுல்ல?"

சத்தியம் செய்தேன். அது பொய் இல்லை.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சகலை பிராணிகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் பெயர் வைத்தார். மெதுவாக நகர்கிற ஒன்றுக்கு என் பெயர். பிறகு ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார்.

"சகல, இந்த ஊர்ல ஒரு கிளப் மாதிரி இருக்கே. உள்ள போலாமா?"

எந்த ஊர் என்று உடனே தெரிந்தது. அந்த விளையாட்டில் ஒரு நகரத்தில் சூதாட்டக் கூடம் வரும். வரிசையாக மெஷின்கள். காசு போட்டால் மூன்று சக்கரங்கள் சுற்றும், பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். மூன்றிலும் ஒரே படம் வந்தால் காசு கொட்டும். பக்கத்துக் கட்டடத்தில் அந்தக் காசைக் கொடுத்து, வேறெங்கும் கிடைக்காத பிராணியை வாங்கிக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் சூதாட்டத்தை வென்ற ஒரே ஆள் நான்தான் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன். வென்றது இல்லாத காசு, வாங்கியது இல்லாத பிராணி. ஆனாலும் வெற்றி வெற்றிதான்.

போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நிறையப் படித்தவன் என்கிற நினைப்பு குறுக்கே வந்தது. இதையே ஒரு பாடமாக்கினால் என்ன? அன்று சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, காபியை வைத்துவிட்டு விளக்கினேன். நீங்கள் பொத்தானை அமுக்குவதற்கு முன்பே இந்தத் தடவை ஜெயிக்கலாமா கூடாதா என்று மெஷின் முடிவு செய்துவிடுகிறது. உங்கள் விரலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. அதோடு, நீங்கள் கூடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் விளையாட்டே ஒரு மெஷினை ரகசியமாகத் தேர்ந்தெடுத்து ராசியானதாக வைத்துக்கொள்ளும். மற்றதெல்லாம் தண்டம். அதனால் நுழைவதற்கு முன்னால் சேமித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். தோற்றால் அணைத்துவிட்டு மறுபடி போட்டால் போன காசு திரும்ப இருக்கும். ராசியானது அகப்பட்டால் அதை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

எல்லாம் முன்னாடியே தீர்மானமாகிவிடுகிறது, மனுஷன் செய்ய ஒன்றுமில்லை, இதுதான் நான் நடத்திய பாடம். அவர் சர்க்கரை கலக்குவதை நிறுத்தியிருந்தார். ஒரே ஓர் இடத்தைத்தான் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"ஒண்ணு ராசியானது இருக்கும்னீங்களே, அது கண்டிப்பா இருக்குமா?"

கண்டிப்பாக இருக்கும் என்றேன்.

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில், மற்றவர்கள் செய்த பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கக் குறிப்பு எழுதுவது என் தொழில். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதைப் படித்து அதன்படி நடந்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. இவர் நடந்தார்.

பாப்பாவின் பிறந்தநாளுக்குத் தங்கவயல் போனபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். பாப்பா அவர்களுடைய ஒரே மகள். என் மனைவி காலையிலேயே போய்விட்டாள். நான் சாயங்காலம் ஈஸ்ட் ஸ்டேஷனில் சகலையோடு ஏறினேன். ரயில் பெட்டிக்குள் வழக்கம்போல் பேப்பர் மேஜை விரிந்திருந்தது. ஒரு கை குறைகிறது என்று கூப்பிட்டார்கள். சகலை தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"அண்ணன் இப்பல்லாம் வர மாட்டாரு. பொம்மை கெடச்சிருக்குல்ல. சாயங்காலமானா ஹார்லிக்ஸ் குடிச்சிட்டுத் தூங்கிடுவாரு" என்றார் மீசைக்காரர் ஒருவர். மேஜையே குலுங்கிச் சிரித்ததில் சீட்டு இரண்டு கீழே விழுந்தது.

எனக்குப் பெருமையாக இருந்தது. என் வைத்தியம் பலித்துவிட்டது. சகலை கேமைக் காதருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டேன். சுரங்கத்தில் அவருடைய அப்பா வேலை தொடங்குவதற்கு முன்னால் தலைக்கு மேலுள்ள பாறையைக் கடப்பாறையால் தட்டிப் பார்ப்பாராம். கணீரென்று கேட்டால் கெட்டி. பொத்தென்று கேட்டால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். ராசியான மெஷினும் வேறு மாதிரி சத்தம் போடுகிறது என்றார் சகலை. ரெண்டு தடவை போட்டாலே தெரிந்துவிடுகிறதாம்.

அப்படி ஒரு சத்தம் அதில் இல்லை. எல்லா மெஷினும் ஒரே சத்தம்தான். அதை அவரிடம் சொன்னேன். ஒரு புன்னகை பதிலாக வந்தது. காது கேளாதவர்களைப் பார்த்து அப்படிப் புன்னகைப்பார்கள்.

வாங்கித் திரையைப் பார்த்தேன். காசுப் பெட்டி நிறைந்திருந்தது. அதற்குமேல் அதில் எண்ணிக்கை ஏறவே ஏறாது. அந்தக் கூடத்திலேயே விலை அதிகமான பிராணியை அப்படியே வாங்கிவிடலாம்.

"நிறைஞ்சிடுச்சே சகல. போய் வாங்கிட வேண்டியதுதான?"

"எதுக்கு?"

"அதுக்குத்தான ஆடுறது?"

"வாங்கினா காசு போயிடும்ல" என்று சொல்லி, கேமை வாங்கி மறுபடி காதில் வைத்துக்கொண்டார். உள்ளே காசு கொட்டுகிற சத்தம் கேட்டது. எண்ணிக்கை நகரவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. பங்காருபேட்டை தாண்டி, தங்கவயலின் சைனைடு மேடுகள் தெரிந்தன. தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு அந்தக் காலத்தில் கொட்டிய மண். புல்கூட முளைக்காத வெளிறிய குன்றுகள். தினம் பார்ப்பவர் என்பதால் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சீட்டாடுகிறவர்களைத்தான் திரும்பிப் பார்த்தார். பாவப்பட்டுப் பார்த்தார்.

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"போன்ல வர்றதுலயும் ஒண்ணு ராசியானது இருக்கும்ல சகல? நான் தேடாம உக்காந்துட்டேன். அதான் தப்பு."

அதெல்லாம் நம்மைப் பிழிவதற்கென்றே செய்தது, அங்கே சேமிக்கவும் முடியாது, அணைத்துப் போடவும் முடியாது என்று நீளமாகப் பேசினேன். நிகழ்தகவு பற்றிப் படித்ததையெல்லாம் இறக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசி ஸ்டேஷனில் இறங்கும்போது என் பையைத் தூக்கிக்கொண்டு, "நீங்க நல்லா சொல்லிக்குடுப்பீங்க" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ரயிலுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தார். கேமைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பேட்டரி உள்ளேயே இருந்தால் கசிந்துவிடுமாம்.

"இனிமே வேணாம் சகல. கத்துக்கிட்டேன்."

காபி குடித்தார். பாப்பாவின் படிப்பைப் பற்றிப் பேசினார். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கலகலப்பாக அவரை நான் பார்த்து வருஷங்கள் ஆகிவிட்டன. பொத்தான் போன் டீப்பாயின்மேல் இருந்தது. அப்போது அவருடைய வெள்ளைச் சட்டையின் பைக்குள், துணிக்கு அடியில், நீளச்சதுரமாக ஒரு வெளிச்சம் வந்து அணைந்தது. பேச்சை நிறுத்தாமலே கையால் அதை மூடிக்கொண்டார், நெஞ்சு வலிப்பவர் போல.

மறுநாள் காலை கொழுந்தியாளே போன் செய்தாள். கேமை அவராகவே திருப்பிக் கொடுத்துவிட்டாராமே என்று குரலில் அத்தனை சந்தோஷம். என்னுடைய யோசனை ஒன்றை முதல்முறையாக ஒருவர் பாராட்டினார். அந்தப் பெட்டியும் இனி எதற்கு, கொடுத்தனுப்பிவிடுங்கள் என்றாள்.

"இருக்கட்டுமே. பரண்ல எடம் இருக்கு" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தேன். சரியாக வரவில்லை. அங்கே குக்கர் விசிலடித்தது.

"எதனா பாத்தீங்களா மாமா?"

சட்டைப்பையைப் பற்றிச் சொன்னேன். ரயிலில் அவர் கேட்டதையும் சொன்னேன். அடுத்த விசிலுக்கு அடுப்பை அணைக்கிற சத்தம் வந்தது.

"பெட்டிய அவர்கிட்டயே குடுத்தனுப்புங்க" என்றாள். "நான் என் துணி மட்டுந்தான் வெச்சேன். பாப்பாவோடது வெக்கல. அதையும் மடிச்சி வெக்கணும்."

அன்று சாயங்காலம் ஏணி போட்டு இறக்கி, தூசி தட்டி, வாசலருகே வைத்தேன். சகலை வந்தார். நின்றபடியே காபி குடித்தார், ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம். ஜன்னலோர சீட்டு கிடைக்க வேண்டும், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும் என்று வாய் தவறி வந்தது. இருவருமே அதைக் கேட்காததுபோல் இருந்தோம். பெட்டியை ஒரு கையால் தூக்கியவர், கனமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, லேசாகத் தடுமாறினார்.

"என்ன சகல, இவ்ளோ லேசா இருக்கு? உள்ள என்னதான் இருக்கு?"

"கொஞ்சம் துணிதான்" என்றேன்.

காதருகே தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். பிறகு அதைத் தோளில் வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.