கோபுரம் தெரிகிற வீடு

நாலு போர்ஷன், நாலு வாடகை, மொட்டைமாடியில் நின்றால் கோபுரம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டைப் பற்றி இதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது என் கணவரின் கட்சி. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதிய மனுஷன். ஆலையில் தவிட்டுக்குக்கூடக் கணக்கு வைத்தவர், வீடு வாங்குவது என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

நான் காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வருஷம் ஓய்வு பெற்றேன். கைக்கு வந்த பணம் பேங்கில் சும்மா தூங்குகிறதே என்று வீட்டில் ஒரே புலம்பல். தூங்கட்டுமே, உங்களுக்கென்ன? அத்தனை வருஷமும் விடியற்காலையில் எழுந்து சோற்றை வடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள் நான்.

அவருடைய திட்டம் இது. வீட்டு விலையில் ஒரு பாதி பேங்க் கடன். இன்னொரு பாதிக்கு என் பணத்தில் சரிபாதி போதும். "மீதியத் தொடவே வேணாம். வாடகையே மாசாமாசம் கடனைக் கட்டிடும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத ஆளே திருச்சியில் கிடையாது. புரோக்கர் சொன்னார், கடன் வாங்கித் தருகிற ஏஜென்ட் சொன்னார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். போர்ஷன் ரெண்டு மாசம் காலியாகக் கிடந்தால்? மோட்டார் எரிந்துபோனால்? வீட்டு வரி, வெள்ளையடிப்பு? "ஆரம்பிக்கறப்பவே அபசகுனமாப் பேசாத" என்று வாயை அடைத்தார். கழித்தல் போடுவது அபசகுனமாம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்த புரோக்கர் எங்களை நேராக மொட்டைமாடிக்கு ஏற்றினார். "கீழ குடியிருக்கறவங்களத் தொந்தரவு பண்ண வேணாம் டீச்சரம்மா. மொதல்ல தரிசனம் பண்ணுங்க" என்றார். என் கணவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பினார். அப்புறம் வாஸ்து பார்த்தார்கள், போர் தண்ணீரைக் குடித்து இனிக்கிறது என்றார்கள். நாலு குடும்பம் உள்ளே இருக்க, ஒருவரிடமாவது வாடகை எவ்வளவு என்று கேட்கத் தோன்றியதா? அது மரியாதை இல்லையாம். வெட்கக்கேடு!

தாகம் என்று சொல்லி நான் கீழே இறங்கினேன். முதல் போர்ஷனில் ஓர் அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார். வாடகை எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டேன்.

"வாடகையா? நாங்க ஒத்திக்குல்ல இருக்கோம். நாலு போர்ஷனும் ஒத்திதாங்க."

ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருப்பது. காலி பண்ணும்போது அந்தத் தொகையை முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். ஆக, இந்த வீட்டில் வாடகை என்று சல்லிக்காசு வரவில்லை. வாங்குகிறவன் நாலு பேருடைய ஒத்திப் பணத்தையும் எண்ணி வைத்த பிறகுதான் வாடகை என்ற பேச்சே.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். "நீங்கதான் வாங்கறீங்களாம்மா? எங்க பணம் பொண்ணு கல்யாணத்துக்கு வச்சது. பத்திரமா வந்துடும்ல?" "மொதல்ல வீட்டுக்காரர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க. புதுசா வர்றவங்கள நம்பாதீங்க" என்று சொன்னேன்.

மாடிக்கு ஏறியதும் புரோக்கரைப் பிடித்தேன். "நாலு வாடகைன்னு வாய் கூசாம சொன்னீங்களே, எங்கய்யா வாடகை?"

மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை. "ஸ்ரீரங்கத்துல ஒத்தி சகஜந்தானுங்களே டீச்சரம்மா. அதத் திருப்பிக் குடுத்துட்டா அப்புறம் வாடகைதான். சார்கிட்ட மொத நாளே சொல்லிட்டேனே, உங்ககிட்ட சொல்லலையா?"

திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தெரியுமா உங்களுக்கு?"

"உன் பணந்தான் மீதி இருக்கே, அதுல குடுத்துடலாம்னு..." என்று இழுத்தார்.

பாதி போதும் என்று என்னிடம் சொன்னவர், மீதிப் பாதிக்கும் முதல் நாளே வழி பண்ணிவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது. புரோக்கர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவர் பிழைப்பு அது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் என்னோடு சாப்பிட்டவர் மேல்தான் அருவருப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. "நாலு பேரு கேட்டா ஸ்ரீரங்கத்துல வீடு இருக்குன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அது தப்பா?" என்றார். அந்த நாலு பேர் என்றைக்காவது நம் வீட்டு மின்சார பில்லைக் கட்டியிருக்கிறார்களா?

மறுநாள் பேங்குக்குப் போனேன். கூடவே அவரும் வந்தார். பணம் முழுவதையும் என் பேரில் டெபாசிட் போடச் சொன்னேன். எனக்குப் பிறகு பணம் யாருக்கு என்ற இடம் வந்ததும் கவுண்டர் பெண் சிரித்தபடி, "சார் பேருதானேம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, எங்க பொண்ணு பேரைப் போடுங்க."

அந்தப் பெண் பக்கத்து நாற்காலியில் இருந்த அவரைப் பார்த்தாள். அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது.