ஸ்டெல்லாவின் தண்ணீர் பாட்டில்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் ஏதோ மாற்றம் தெரிகிறதாம் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் பாட்டிலை வாங்கித் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டேன். நாற்காலியையும் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

சில மாதங்களில் நானும் அந்தப் பரிசோதனை செய்துகொண்டபோது எனக்கும் அதே முடிவு வந்தது. ஆண்டாள் கோயிலுக்கு என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் பிள்ளைகள் நினைப்புதான்.

அங்கே பெஞ்சில் ஸ்டெல்லா, மறுபரிசோதனைக்காக. என் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

“உங்களுக்குமாக்கா?”

தலையாட்டினேன். பாட்டிலை நீட்டியவள், செத்த நேரம் தயங்கி, “அண்ணாந்தே குடிங்கக்கா” என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. வாய் வைத்துக் குடித்தேன்.

“ஒட்டிக்கிடும்னு நெனச்சேன்டி.”

“தெரியும்க்கா. நானே வீட்டுல தனி டம்ளர்தான் வச்சிருக்கேன்.”

டாக்டரிடம் இருவருக்குமாக நானே கேட்டேன். “தண்ணியில, டம்ளர்லயெல்லாம் இது பரவாதும்மா. கேன்சர்னும் இப்பவே முடிவு பண்ணாதீங்க” என்றார்.

எனக்குச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை, பயமும் போகவில்லை. கம்பெனியில் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுவிட்டேன். ஸ்டெல்லா மட்டும் இன்றும் பாட்டிலை நீட்டும்முன் ஒரு கணம் தயங்குகிறாள்.