எட்டுப் பல் பினியன்

என் மேசையில் செய்தித்தாளின் மேல் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறது. ஒரு பக்கம் தண்டு, மறுபக்கம் சாய்வாக வெட்டிய பற்கள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க வைத்திருக்கிறேன். பற்கள் எட்டு. எட்டு ஏழாகிவிடாது என்று தெரிந்தும் காலையில் ஒருமுறை எண்ணிவிடுகிறேன். எழுபதுகளில் என் அக்காவின் கணவர் ஓட்டிய இரண்டு இருக்கைக் காரின் பின் அச்சிலிருந்து கழற்றிய பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் இது.

அத்தான் தூத்துக்குடியில் கப்பல் ஏஜெண்டு அலுவலகமொன்றில் இருந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேலாளர் ஒருவரிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். கூரை கிடையாது, உட்கார்ந்தால் கையை நீட்டித் தரையைத் தொடலாம். நான் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு அவர் வீட்டிலேயே தங்கியிருந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சாத்தான்குளம் போன அக்கா, அப்பா எழுந்து கோவில் ஆராதனைக்குப் போகத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிக் கேட்கிற வழக்கமில்லை.

சனிக்கிழமைதோறும் அத்தான் அங்கே போவார். மருமகன் வந்தால் முன்னறையில் மாமனாரோடு உட்கார வேண்டும். உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஜெபமும் சாப்பாடும் முடிந்தால் அக்கா அம்மாவோடு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். ஞாயிறு ஆராதனைக்குப் பின் மணப்பாடு கடற்கரை வரை காரில் போய்வருவது ஒன்றுதான் இருவருக்கும் தனிமை. அந்தக் கார் எங்கே நின்றாலும் ஊர் கூடிவிடும். ஒருவர் ஹாரனை அமுக்கிப் பார்ப்பார், இன்னொருவர் விலை கேட்பார். ஓடிக்கொண்டிருந்தால்தான் தனிமை. ஓடினாலோ, எஞ்சின் போடும் அலறலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கத்திக் கேட்கக்கூடிய கேள்வியா அது?

அலறலுக்குக் காரணம் இந்த எட்டுப் பல்தான். இது நாற்பத்தொரு பல் கொண்ட கிரவுன் என்ற பெரிய சக்கரத்தைச் சுழற்றும். காரின் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, டாப் கியரில்கூட எஞ்சின் ஐந்தே அரைக்கால் சுற்றுச் சுற்றியாக வேண்டும். இழுவை பிரமாதமாக இருக்கும். நாற்பது மைல் வேகத்தைத் தொட்டால் காது போய்விடும்.

துறைமுகத்துக்கு வந்த கப்பலின் அதிகாரி ஒருவர், அத்தான் சொல்லிவைத்தபடி, எண்ணெய்த் தாளில் சுற்றிய இரண்டு கிரவுன்-பினியன் ஜோடிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் பினியனுக்கு ஒன்பது பல், மற்றதில் பத்து; பத்தின் கிரவுனுக்கு நாற்பத்துமூன்று. பத்தைப் போட்டால் எஞ்சின் நாலேகாலுக்குச் சற்று மேல் சுற்றினால் போதும். லாஞ்சுப் படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி ஒருவரின் கொட்டகைக்கு இரண்டையும் எடுத்துப் போனோம்.

"பத்தப் போட்டா வண்டி பறக்கும் அண்ணாச்சி. ஆனா இழுக்காது. ரோட்டுல தேரிச் செம்மணல் ஏறிக் கெடந்தா அங்கனயே நின்னுரும். ஒம்பதப் போடுங்க" என்றார் மேஸ்திரி.

"பத்தையே போடும்வே. வேகம் வேணும்."

"யாரு கூட பந்தயம்? உப்பு வண்டி கூடயா? வாத்தியார் சார், நீங்களாவது சொல்லுங்க."

கணக்குப் போட்டு நானும் ஒன்பதுதான் சொன்னேன். "நீ பல்ல மட்டும் எண்ணு மாப்ளே" என்றார் அத்தான்.

கிரவுனையும் பினியனையும் பொருத்துவது பொறுமையான வேலை. பல்லில் சாயம் பூசிச் சுற்றிப் பார்த்து, அது பதிந்த இடத்துக்கு ஏற்ப மெல்லிய தகடுகளைச் சேர்க்க வேண்டும், எடுக்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் ஓடும்போது ஊளையிடும். முதல்முறை லேசாக ஊளையிட்டது. மேஸ்திரிக்கு அது பொருட்டாகவே படவில்லை. அத்தான் விடவில்லை, மூன்று முறை பிரிக்க வைத்தார்.

"எம் பொண்டாட்டிகிட்டகூட நான் இவ்வளவு பொறுமையா இருந்ததில்ல அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி. நான் சிரித்தேன். அத்தான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளோட்டத்துக்கு என்னை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி ரோட்டில் போனார். பினியன் மாறியதால் ஸ்பீடாமீட்டர் இனிக் குறைத்தே காட்டும், முள் நாற்பதில் நின்றால் உண்மையில் நாற்பத்தெட்டுக்குப் பக்கம் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. வழியிலுள்ள புதுக்கோட்டை என்ற சிற்றூரைத் தாண்டியதும் வேகத்தைச் சீராக்கி, சாலையைப் பார்த்தபடியே, "கேக்குதா மாப்ளே?" என்றார்.

"கேக்குது அத்தான்."

குரலைத் தாழ்த்தினார். "இப்போ?"

"கேக்குது."

இன்னும் தாழ்த்தினார். இந்தமுறை பேச்சு எனக்கானதாக இல்லை. "வீட்டுக்கு வாளா" என்றார்.

அக்காவிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "கேக்குது" என்றேன். அதன்பின் ஸ்பீடாமீட்டரைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டைப் பெருக்கினேன். அக்காவின் அறை ஜன்னலைத் திறந்துவைத்தேன். பால் கூடுதலாக வாங்கினேன். முன்பெல்லாம் தெருமுனையிலேயே காரின் சத்தம் கேட்கும். அன்று வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அத்தானின் கால்சட்டையில் முழங்கால்வரை சிவப்பு மணல்.

"வண்டி மணல்ல நின்னுட்டுதா அத்தான்?"

"திரும்பி வரும்போது. தள்ளுறதுக்கு ஆளில்ல பாரு." படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினார். "வரமாட்டேன்னு சொல்லிட்டா. வண்டில குறையே இல்ல மாப்ளே. ஒரு எழுத்து விடாமக் கேட்டுது."

அடுத்த ஆண்டு கொச்சிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். காரை விற்றுவிட்டார். பழைய கிரவுனை மேஸ்திரி எடைக்குப் போட்டார். பினியனை நான் எடுத்துக்கொண்டேன். அக்கா நாசரேத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, அங்கேயே இறந்தாள். கடைசிவரை நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

இப்போது இந்த வீட்டில் நான் ஒருவன். என் மகனின் காரில் எஞ்சின் ஓடுவதே தெரியாது. போனமுறை வந்திருந்தபோது ஸ்ரீவைகுண்டம் வரை அழைத்துப் போனான். "ஏசி அதிகமா இருக்காப்பா?" என்று ஒருமுறை கேட்டான். "இல்லை" என்றேன். வீடு வந்துவிட்டது.

பகல் முழுவதும் வியர்த்துக்கொட்டுகிறது. மின்விசிறியின் திருகில் ஐந்து எண்கள் உண்டு. ஐந்தில் வைத்தால் நல்ல காற்று வருகிறது, ஆனால் கடகடவென்று சத்தம். அதனால், தாளுக்குப் பினியன் தேவையே இல்லாத இரண்டில்தான் வைத்துக்கொள்கிறேன். வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே.