பட்டியலில் ஏறாதவர்

தொண்ணூறுகளின் கடைசியில் தெற்குக் கல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டராக இருந்தேன். வயிற்றில் ஆபரேஷன் முடிந்து வார்டுக்குப் போனவர்களில் சிலர் ஓரிரு நாளில் மூச்சுத் திணறி, நினைவு தப்பி எங்களிடம் வருவார்கள். பெரும்பாலும் கைமீறிய பிறகுதான். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், "திடீர்னு மோசமாயிட்டார்" என்பதே பதில்.

திடீரென்றுதானா என்று பார்க்க, பழைய கேஸ் ஷீட்டுகளில் நர்ஸ்கள் வழக்கமாகக் குறித்துவைக்கும் நாடித்துடிப்பு, மூச்சு, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திடீரென்று எதுவும் நடந்திருக்கவில்லை. பலருக்கு முந்தின நாளே நாடி ஏறி, மூச்சு வேகமாகியிருந்தது. எழுதியிருந்தார்கள், அதைப் பார்த்து யாரும் எதுவும் செய்யவில்லை. அதன் பிறகு ஒரு வரம்பு வைத்தோம். அதைத் தாண்டினால் நர்ஸ் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் எங்களைக் கூப்பிடலாம். நோயாளிகள் முன்னதாகவே வரத் தொடங்கினார்கள். பலர் தேறி நடந்தே வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவு உற்சாகமாக நான் வேலைக்குப் போன காலம் வேறில்லை.

நிர்வாகத்துக்கும் அது பிடித்துப்போயிற்று. அதே விவரங்களை வைத்து, எந்த சர்ஜனிடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள்.

"ஒவ்வொருத்தரும் எடுக்கிற கேஸ் வேற வேற. அப்படியே ஒப்பிடக் கூடாது" என்றேன்.

"அதையெல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம்" என்று சொல்லி, ஆபீசிலேயே பட்டியலைத் தயாரித்து மீட்டிங் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். அதிக மரணங்கள் என்று கடைசியில் இருந்த பெயர், மற்றவர்கள் கைவிட்டவர்களுக்கும் துணிந்து ஆபரேஷன் செய்யும் மூத்த சர்ஜனுடையது. அவர் நின்று படித்தார். பிறகு வார்டுக்குப் போனார்.

அந்த வருஷம் துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்பு, லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் கீழ்வீட்டில் இருந்த அண்ணாச்சிக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களைப் போலவே திருநெல்வேலிக்காரர். ஏற்கெனவே இதயம் பலவீனம். நான்தான் அவரை அந்த சர்ஜனிடம் அனுப்பினேன். மறுநாள் அண்ணாச்சியின் மனைவி படியேறி வந்தார். அவரை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

"தங்கச்சி, இங்க வேண்டாம், மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. அவ்வளவு மோசமாவா இருக்கு? மறைக்காம சொல்லு."

சர்ஜனின் அறைக்குப் போனேன். "சார், இதைவிட மோசமான ஹார்ட் உள்ளவங்களுக்கு நீங்களே செஞ்சிருக்கீங்களே" என்று வங்காளத்தில் கேட்டேன்.

"செஞ்சேன். அதனாலதான் என் பேர் கடைசியில இருக்கு." அவர் குரலில் கோபமில்லை. "ஆபரேஷன் பண்ணி செத்துப்போனா என் கணக்குல ஏறும். திருப்பி அனுப்பிட்டா யார் கணக்குலயும் ஏறாது. உன் கம்ப்யூட்டர்ல அவங்களுக்கு இடம் இருக்கா?"

இல்லை. "அந்தப் பட்டியலை நான் போடல சார்" என்றேன். சொல்லும்போதே, அதனால் அண்ணாச்சிக்கு ஒரு பயனும் இல்லை என்று உறைத்தது.

சர்ஜன் சம்மதிக்கவில்லை. பூஜை நெரிசலில் மெட்ராஸ் ரயிலில் இடமும் கிடைக்கவில்லை. காத்திருந்த நாட்களில் குடல் முழுக்க அடைத்து, வயிறு உப்பிவிட்டது. பந்தல் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவே டாக்ஸி ஊர்ந்துதான் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது. அதே சர்ஜன் உடனே ஆபரேஷனுக்குக் கைகழுவிக்கொள்ளப் போனார். நிதானமாகச் செய்திருக்க வேண்டிய ஆபரேஷனை அவசரமாகச் செய்ய வேண்டியதாயிற்று. அண்ணாச்சி என் பிரிவில் வென்டிலேட்டரில் கிடந்தார். சர்ஜன் காலையிலும் மாலையிலும் வந்து கட்டிலருகே நின்றுவிட்டுப் போவார். தீபாவளியன்று வரும் காளி பூஜைக்கு முன்பே அண்ணாச்சி இறந்துபோனார்.

அடுத்த மீட்டிங்கில் நானும் சர்ஜனும் சேர்ந்தே பேசினோம். திருப்பி அனுப்பப்படுகிறவர்களையும் பதிய வேண்டும், அவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்க வேண்டும், நோயாளி வந்து சேர்ந்த நிலையைக் கணக்கில் எடுக்காமல் யார் பெயரையும் போடக் கூடாது என்றோம். வாக்குவாதம் முற்றியது. கடைசியில் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்தார்கள். நாங்கள் கேட்ட முறை நடைமுறைக்கு வர இன்னொரு பூஜையும் கடந்துவிட்டது. சர்ஜன் மறுபடியும் கஷ்டமான கேஸ்களை எடுத்தார். ஆனால் முன்பிருந்த துணிச்சல் இல்லை, ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு, "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்பார்.

பெங்களூரில் இருக்கும் மகளோடு போய்விட மதினி முடிவு செய்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது உதவிக்குப் போனேன்.

"முதல்லயே செஞ்சிருந்தா அவுக பொழச்சிருப்பாகளோ?" என்று கேட்டார்.

அண்ணாச்சியைப் போல வந்தவர்களில் பலர் பிழைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் பிழைத்திருப்பாரா என்பதை நான் சேர்த்துவைத்த எந்த விவரமும் சொல்லாது.

"தெரியல மதினி" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.